முற்றுகைக்குள் வாங்கிய காணி

வாசிக்க: எரேமியா 32:6-15

கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து நின்றது. நகரம் பிடிபடும் என்று கடவுள் சொன்னதை மறைக்காமல் அறிவித்ததால், எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்தார். அவருடைய பெரிய தகப்பனின் மகன் அங்கே வந்து, ஆனதோத்திலுள்ள தன் காணியை வாங்கும்படி கேட்டார்.

பகைவர் நிற்கும் நாட்டில் அந்தக் காணியால் உடனடிப் பயன் இல்லை. ஆயினும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டனர். முத்திரையிட்ட உறுதியும் திறந்த பிரதியும் நெடுநாள் இருக்கும்படி மண்பாத்திரத்தில் வைக்கப்பட்டன. மக்கள் அந்நாட்டில் மீண்டும் காணி வாங்குவார்கள் என்பது கடவுள் தந்த வாக்கு.

நமக்குரிய பாடங்கள்:

1. உண்மையைப் பற்றிக்கொள்வோம். இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா சொன்னது மக்களுக்கு இனித்தது; ஆனால் அது பொய் (அதிகாரம் 28). வதந்தி வேறு, விசுவாசம் வேறு.

2. ஊர் குலைந்த காலத்திலும் நிறையில் பிழை செய்யலாகாது. தவிப்பவரின் காணியை ஏமாற்றி எடுப்பதும், ஆளில்லாத வளவின் எல்லைக்கல்லை நகர்த்துவதும், அயலவரின் நிவாரணப் பங்கைப் பெறுவதும் பாவமே.

3. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வையுங்கள். பிரதிகளை வேறோர் இடத்தில் வையுங்கள். காணியின் எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதுவும் விசுவாசச் செயலே.

கலந்துரையாட: அயலவருடன் நாம் நேர்மையாகத் தீர்க்கவேண்டிய எல்லை, கடன், கணக்கு எவை?