தறி காத்த தாய்மொழி

நுழையும்முன்

மக்கள் இடம்பெயரும்போது மொழியும் உடன் செல்கிறது. வேற்றுமொழி சூழ்ந்த நிலத்தில் அது எவ்வாறு உயிர்வாழ்கிறது? பள்ளியிலும் அலுவலகத்திலும் இடம்பெறாமல், வீட்டிலும் தறியருகிலும் பேசப்பட்டே நிலைத்த ஒரு மொழியின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மொழித்தீவு

பெரும்பான்மை மொழி சூழ்ந்திருக்க, நடுவே வேறொரு மொழி தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் இடத்தை மொழித்தீவு என்பர். சுவிட்சர்லாந்தில் இத்தாலிய மொழி வழங்கும் திச்சீனோ மாநிலத்தில், ஆல்ப்சு மலைமீது போசுகோ குரின் என்னும் சிற்றூர் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய வால்சர் மக்களின் வழிவந்தோர், ஜெர்மானிய மொழியின் பழைய வட்டார வழக்கை இன்றும் பேசுகின்றனர். அம்மொழிக்கு மலை அரணாயிற்று. தமிழ்நாட்டில் சௌராட்டிர மொழிக்கோ தறியே அரணாயிற்று.

பட்டின் வழியே ஒரு பயணம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அங்கு நெசவை வாழ்வாகக் கொண்ட பல சமூகத்தாருள் சௌராட்டிரரும் ஒருவர். மதுரை, கும்பகோணம், பரமக்குடி, சேலம், வாலாசாபேட்டை முதலிய ஊர்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். ‘பட்டுநூல்காரர்’ என்று தமிழர் அவர்களை அழைத்தனர்.

மேற்கு இந்தியாவின் இலாட நாட்டிலிருந்து தசபுரத்திற்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவினர், கி.பி. 437இல் கதிரவனுக்குக் கோயில் எழுப்பிய செய்தியை மந்தசோர்க் கல்வெட்டு கூறுகிறது. அவர்களைச் சௌராட்டிரரின் முன்னோராகக் கருதுவோர் உளர். தேவகிரி, விசயநகரம் வழியாகத் தெற்கே வந்ததாகச் சௌராட்டிரரின் மரபுவழிச் செய்தி உரைக்கிறது. திருமணத்தில் இருவீட்டாரும் வினாவிடையாகக் கூறிவந்த மரபுரை இப்பயணத்தை நினைவுகூர்கிறது.

மொழியே அப்பயணத்திற்குச் சான்றாகிறது. சௌராட்டிரம் இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. நீரைப் ‘பானி’ என்றும், வருக என்பதை ‘அவோ’ என்றும் அம்மொழியினர் கூறுவர். குசராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடைய அம்மொழியில் தெலுங்கு, கன்னடம், தமிழ்ச் சொற்களும் கலந்துள்ளன.

வீடே பணிக்களம்

கைத்தறி நெசவு ஒருவர் மட்டும் செய்யும் தொழிலன்று. பாவு நீட்டுவதற்கும், இழை பிணைப்பதற்கும், ஊடைக்குத் தார் சுற்றுவதற்கும் குடும்பத்தார் பலரின் கை வேண்டும். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருந்ததால், தாயும் தந்தையும் முதியோரும் சிறுவரும் நாள்தோறும் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர். தொழிலைக் கற்ற குழந்தை மொழியையும் உடன் கற்றது. கடைத்தெருவிலும் பள்ளியிலும் தமிழ் பேசிய குழந்தை, இல்லத்தில் சௌராட்டிரம் பேசியது. இவ்விருமொழி வாழ்வு தமிழுக்கும் வளம் சேர்த்தது. ‘காதுகள்’ புதினத்திற்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எம்.வி. வெங்கட்ராம், கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவாளரின் வாழ்வை ‘வேள்வித்தீ’ என்னும் தமிழ்ப் புதினமாகப் படைத்தார்.

எழுத்தும் ஒலியும்

சௌராட்டிர மொழிக்குத் தனி எழுத்து உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி.எம். இராமராய் அவ்வெழுத்தைச் செப்பம் செய்து பாடநூல்களை வெளியிட்டார். எனினும், அதனை அறிந்தோர் சிலரே. தமிழெழுத்தில் எழுதினால் வல்லொலி, மெல்லொலி, மூச்சொலி வேறுபாடுகள் முழுமையாக வெளிப்படுவதில்லை. தேவநாகரியில் எழுதினால் தமிழ்மட்டும் கற்றவர் படிக்க இயலாது. எனவே, எவ்வெழுத்தை ஏற்பது என்னும் வினா நெடுநாள் விவாதமாகவே நீடிக்கிறது.

தெரியுமா?

2008ஆம் ஆண்டு ஒருங்குறியின் 5.1ஆம் பதிப்பில் சௌராட்டிர எழுத்துகள் சேர்க்கப்பட்டன. இதனால் அவ்வெழுத்தைக் கணினியிலும் கைப்பேசியிலும் பயன்படுத்த வழி பிறந்தது.

இன்றைய நிலை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் 2,47,702 பேர். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் அஃது இடம்பெறவில்லை. விசைத்தறியின் போட்டியாலும் வருவாய்க் குறைவாலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடுகின்றனர். மகன் நெசவை விடுவது அவனது உரிமை. ஆனால், தறியோடு சேர்ந்து மொழியும் வீட்டைவிட்டு வெளியேறும்போது, பேரனின் பேச்சு பாட்டிக்கு அயலாகிவிடுகிறது.

போசுகோ குரின் மக்களின் பழைய மரவீடு ஒன்று 1938இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்குக் கருவிகளும் ஆடைகளும் காக்கப்படுகின்றன; எனினும், மொழியைப் பேசுவோர் குறைந்தே வருகின்றனர். பொருளைப் பேழையில் வைத்துக் காக்கலாம். மொழியை நாவில் வைத்தே காக்க இயலும். தறி இதுவரை ஆற்றிய பணியை இனி இல்லத்து உரையாடலும், தாலாட்டும், கதையும், கைப்பேசிச் செய்தியும் ஏற்றாக வேண்டும். தமிழைப் போற்றுவதும் தாய்மொழியைப் பேணுவதும் முரணல்ல என்பதைப் பல தலைமுறைகளாக வாழ்ந்துகாட்டியவர்கள் சௌராட்டிரர். அவ்வாழ்வு தொடர்வது, அடுத்த தலைமுறையின் முதற்சொல் எம்மொழியில் அமைகிறது என்பதைப் பொறுத்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வீட்டுமொழியாக வழங்கும் மொழிகளைப் பட்டியலிட்டு, அவற்றைப் பேசுவோரின் குடிபெயர்வு வரலாற்றைக் கேட்டறிந்து எழுதுக.
2. ‘தொழில் மறைந்தால் அதன் சொற்களும் மறையும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.