மிளகுக் கிடங்கில் பேனா பிடிப்பவருக்கு

கொச்சங்காடி, ஜூ டவுன், பஜார் ரோடு என்று மட்டாஞ்சேரியின் இந்தச் சுற்றுவட்டம் முழுவதும் மிளகும் சுக்கும் தலைமுறைகளாகக் கைமாறிய இடம். இங்கே ஒரு மிளகுக் கிடங்கிலோ, தோப்பும்படி, அரூர்ப் பக்கத்து இறால் ஆலையிலோ தரக் கட்டுப்பாட்டு உதவியாளராகச் சேரப் போகிறீர்களா? ஈரப்பதமானி, தராசு, சல்லடை எல்லாம் சீக்கிரம் கைக்குப் பழகிவிடும். பதிவேடு எழுதுவதுதான் கடினம். அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

மிளகையே எடுத்துக்கொள்வோம். இடுக்கியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வரும் மூட்டை உலர்த்தி, சலித்து, கல்லும் காம்பும் நீக்கி, கோணியில் ஏறும்வரை பல இடங்களில் அளக்கப்படுகிறது. அக்மார்க் விதிப்படி மலபார் கார்பிள்டு (சுத்தம் செய்த) முதல் ரகத்தில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லிட்டர் எடையும் முக்கியம்: ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகைக் கொட்டி, விளிம்போடு வழித்துவிட்டு நிறுத்துப் பார்த்தால் நல்ல சரக்கு 550 கிராம் காட்டும். பொக்கு மிளகு கூடினால் அது இறங்கும்.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மிளகை 11 சதவீதத்துக்கு உலர்த்தினால் மிஞ்சுவது சுமார் 97.75 கிலோ. பத்து டன்னுக்கு 225 கிலோ காற்றோடு போகிறது. அதனால்தான் கருவி 11.6 காட்டும்போது, “11 போட்டுக்கோ” என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வரும். 11.6 என்றே எழுதுங்கள். பக்கத்திலேயே ‘மீண்டும் உலர்த்த அனுப்பப்பட்டது’ என்று நேரத்தோடு குறித்துவிடுங்கள். தணிக்கைக்கு வருபவரைப் பயமுறுத்துவது இந்த 11.6 அல்ல; மூன்று மாதத்துக்கு வரிசையாக 11.0, 11.0, 11.0 என்று நிற்கும் பக்கம்தான். ஜூன் மழையில் கிடங்குச் சுவரே வியர்க்கும் ஊரில் அப்படி ஒரு பக்கத்தை யார் நம்புவார்கள்?

எழுதும் முறையில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கவே கூடாது. அளந்த இடத்தில், அளந்த நிமிடத்தில், அளந்தவரே எழுத வேண்டும். உள்ளங்கையில் குறித்துவைத்து ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரே மையும் ஒரே சாய்வான கையெழுத்தும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘சரி’ என்று டிக் போடாதீர்கள். அளவையும் அலகையும் எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். ஒயிட்னரை மேசைமேல் வைக்கவே வைக்காதீர்கள். லாட் எண், கருவியின் எண், எத்தனை மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்தீர்கள் என்பதும் வேண்டும். மேலே கிடக்கும் நான்கு மூட்டையை மட்டும் குத்திவிட்டு லாட் முழுவதற்கும் எழுதினால், அது அந்த நான்கு மூட்டைக்கான பதிவுதான்.

தேதியை விடாதீர்கள்; கட்டடம் போனாலும் எழுதிய தேதி நிற்கும். கொச்சங்காடியில் இருந்த பழைய யூதர் தொழுகைக்கூடம் போய்விட்டது. 1344 என்று அதன் காலத்தைச் சொல்லும் கல்வெட்டு மட்டும் பரதேசி தொழுகைக்கூடத்துச் சுவரில் பதிந்திருக்கிறது. மதிய இடைவேளையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கருவியையும் சந்தேகப்படுங்கள். தராசை நியம எடைக்கல் வைத்துப் பார்த்த நாளும் விலகலும் தனிப் பக்கத்தில் இருக்கட்டும். கையடக்க ஈரப்பதமானி வேகமானது, ஆனால் மெல்ல விலகும். ஆய்வகத்தில் டொலுயீன் சேர்த்துக் காய்ச்சி வடித்து நீரை அளக்கும் முறையோடு அவ்வப்போது ஒப்பிட வேண்டும்.

எழுதியதைப் படிப்பது அடுத்த படி. பெரும்பாலோர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். காலையிலிருந்து 10.5, 10.6, 10.8, 10.9 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்குமே வரம்புக்குள்தான். ஆனாலும் உலர்த்தியில் ஏதோ நடக்கிறது. ஐந்தாவது மோசமாகும்முன் போய்ப் பார்க்க வேண்டும். இப்படி மெல்ல நகர்வதைக் கண்டுபிடிக்கத்தான் 1924 மே மாதம் அமெரிக்காவில் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை ஒரே பக்கக் குறிப்பில் வரைந்து தன் மேலதிகாரியிடம் கொடுத்தார். இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அழைத்து, 1947–48இல் ஷூஹார்ட் இந்தியா வந்து தொழில்துறையினரிடையே இதைப் பரப்பினார். ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் போதும்; கம்ப்யூட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

படிவத்தில் இல்லாததும் கண்ணில் பட வேண்டும். 2012 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கொச்சிக் கிடங்குகளில் முன்பேர வணிகத்துக்காக அடுக்கியிருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு முத்திரை வைத்தது. காரணம், மினரல் ஆயில். பூஞ்சை பிடிக்காமலும் பளபளப்பாகவும் இருக்க அதைப் பூசுவது உண்டு. ஈரப்பதத்தையும் லிட்டர் எடையையும் எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் இந்த எண்ணெய் அவற்றில் தெரியாது. மிளகு வழக்கத்துக்கு மேல் மினுங்கினால், கையில் வழவழப்பு ஒட்டினால், ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் காலியாகவே கிடப்பது வழக்கம்.

இறால் ஆலைக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். அங்கே உறைந்த கட்டியின் மையத்தில் மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். குளிரறைக் கதவில் ஒளிரும் எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள், அது காற்றின் வெப்பநிலை. துளையிட்டு வெப்பமானியைச் செருகுங்கள். 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன் பொருட்களை நிறுத்திவைத்த பிறகு, ஹசாப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு முறை இங்கே பேச்சளவில் நிற்க முடியாமல் போனது. அதன் ஏழு கொள்கைகளில் ஒன்று பதிவு வைத்தல். வெலிங்டன் தீவில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதில் பயிற்சி தருகிறது. சான்றிதழ் கையில் இருந்தால் நேர்முகத்தில் எடுபடும்.

நேர்முகத்தில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: “வரம்பு தாண்டினால் லைனை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா? இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?” பெயர் சொல்லிப் பதில் வந்தால் சேரலாம். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அடுத்த கிடங்கை விசாரியுங்கள்.