இடிக்கிறது மேலே இல்ல, பின்னாடி

போன வாரம் தம்பி டெக்ஸஸ்ல இருந்து வீடியோ கால் போட்டான். நலம் விசாரிப்பு எல்லாம் அரை நிமிஷத்துல முடிஞ்சுது. அப்புறம் போனைத் திருப்பி வாசல்ல நின்ன வண்டியைக் காட்டினான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 2019 டொயோட்டா டகோமா. "அக்கா, முன்பக்கத்தை ஏத்திட்டு முப்பத்திமூணு இன்ச் டயர் போடப்போறேன். நீ உன் வண்டிக்குப் பண்ணினதுதானே, எப்படின்னு சொல்லு." போன்ல சொன்னா பாதியை மறந்துடுவான். அதனால எழுதியே கொடுத்துடறேன். உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா படிக்கக் கொடுங்க.

டேய், முதல்ல வண்டியை ஏத்தற லிஃப்ட் கிட் வாங்கறதை நிறுத்து. டயரை முடிவு பண்ணு. ரெண்டு இன்ச் கிட்டை வாங்கி மாட்டிட்டு "இதுக்கு எந்த டயர் போடலாம்"னு கேட்கறது, மண்டபத்தைப் பிடிச்சுட்டுப் பொண்ணு தேடற கதை.

உன் வண்டியில இப்ப இருக்கிறது 265/65ஆர்17. 265ங்கறது மில்லிமீட்டர்ல அகலம், 65ங்கறது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 ரிம்மோட இன்ச். கூட்டிப் பார்த்தா விட்டம் முப்பதரை இன்ச் சொச்சம் வரும். நீ ஆசைப்படறது 285/70ஆர்17. அதோட விட்டம் 32.7 இன்ச்தான், ஊர்ல எல்லாரும் அதை முப்பத்திமூணுன்னு சொல்லிக்கறாங்க. நடுவுல 265/70ஆர்17னு ஒண்ணு இருக்கு, 31.6 இன்ச். அது பெரும்பாலும் எதையும் ஏத்தாம, எதையும் வெட்டாம உக்காந்துடும். இதை ஒரு ஓரமா மனசுல வச்சுக்கோ, கடைசியில திரும்ப வருவேன். இன்னொண்ணு, டயர் விட்டம் ரெண்டு இன்ச் கூடினா வண்டியோட அடிவயிறு ஒரு இன்ச்தான் உயரும். பாதி விட்டம்தானே அச்சுக்குக் கீழே இருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். முன்பக்கத்தை ஏத்தினா பெரிய டயருக்கு இடம் கிடைச்சுடும்னு எல்லாரும் நினைக்கறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அது பாதி உண்மை. வண்டி நேரா நிக்கறப்போ டயருக்கு மேலே இடம் தாராளமாத் தெரியும். ஒரு பள்ளத்துல இறங்கி சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினா, டயர் பழையபடி உள்ளே கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் போய் நிக்கும். அதுவும் போக, இந்த வண்டியில டயர் முதல்ல இடிக்கறது மேலே இல்ல. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுப் பாரு, டயரோட பின் விளிம்பு சுழன்று வந்து மட்ஃபிளாப்பையும் பிளாஸ்டிக் லைனரையும் உரசும். அதுக்கும் பின்னாடி, கேபினைச் சட்டத்தோட சேர்க்கிற இரும்பு மவுன்ட் இருக்கு. உயரம் ஏத்தறதால டயர் அந்த மவுன்ட்டை விட்டு ஒரு நூல்கூட முன்னாடி நகராது.

எனக்கு இது புரிஞ்சது எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல. என் வண்டியை ரெண்டரை இன்ச் ஏத்தி, 285 டயர் போட்டு, கடையில இருந்து வீடு வரைக்கும் ராணி மாதிரி வந்தேன். ரிவர்ஸ் எடுத்து முழுசா ஒடிச்சப்போ கரகரன்னு ஒரு சத்தம். எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சுடுச்சு. இறங்கிப் பார்த்தா மட்ஃபிளாப் மடங்கிக் கிடக்கு.

அடுத்து அலைன்மென்ட். ஒரு கடையில செஞ்சுட்டு அச்சடிச்ச தாளைக் கொடுத்தாங்க. எல்லாக் கட்டமும் பச்சை. சந்தோஷமா டென்வர்ல இருந்து ஐ-70 நெடுஞ்சாலையில மலை ஏறினேன். பக்கவாட்டுக் காத்து அடிக்க அடிக்க வண்டி லேன்ல அலையுது. ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டா தானா நேருக்கு வரமாட்டேங்குது. ரெண்டு மணி நேரம் பிடிச்சுப் பிடிச்சுத் தோள்பட்டை விட்டுப்போச்சு.

காரணம் காஸ்டர். சைக்கிள் முன் ஃபோர்க் நேர்க்குத்தா இல்லாம சாஞ்சு இருக்கும் பாரு. கையை விட்டாலும் சைக்கிள் நேரா ஓடறதுல அந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. கார்ல அதே சாய்வுக்குப் பேர்தான் காஸ்டர். முன்பக்கத்தை ஏத்தினா இந்தச் சாய்வு குறையும். கம்பெனி வரம்புக்குள்ள இருந்தா மெஷின் பச்சை காட்டிடும், ஆனா வரம்போட அடிமட்டத்துல இருக்கும். சக்கரத்தைச் சட்டத்தோட பிணைக்கிற, கம்பெனி போட்ட மேல் கன்ட்ரோல் ஆர்ம்மை வச்சுக்கிட்டு அதை ரொம்ப மீட்க முடியாது. தனியா விக்கிற மேல் ஆர்ம்ல அந்தச் சாய்வை முன்கூட்டியே வச்சுச் செஞ்சிருப்பாங்க. நான் அதை மாட்டி, கீழ் ஆர்ம்ல அலைன்மென்ட்டை மாத்தற கேம் போல்ட்டையும் திருத்தினதுக்கு அப்புறம் வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போச்சு. கூடவே டயரும் கொஞ்சம் முன்னாடி நகர்ந்துடுச்சு, பின்னாடி உரசறது பாதிக்கு மேல நின்னுபோச்சு. மிச்சத்துக்கு மட்ஃபிளாப்பைக் கழட்டி, லைனரை ஹீட் கன்ல சூடு பண்ணி உள்ளே தள்ளி விட்டேன். சிலர் அந்த கேபின் மவுன்ட்டோட ஓரத்தை வெட்டித் தகடு வச்சு வெல்டிங் பண்ணிடுவாங்க. நல்ல வெல்டர் கையில மட்டும் அதைக் கொடு.

அதனால அலைன்மென்ட் கடையில போய் "பச்சைக்குக் கொண்டு வாங்க"ன்னு கேட்காதே. "காஸ்டர் ரெண்டு பக்கமும் மூணு டிகிரிக்குக் குறையாம வேணும், இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள்ள இருக்கணும்"னு சொல்லு. முடியாதுன்னா வேற கடை பாரு.

ரிம் பத்தி ஒரு வார்த்தை. வெளியே துருத்திக்கிட்டு நிக்கற ரிம் பார்க்க ஜோரா இருக்கும். ஆனா டயர் வெளியே போகப் போக, ஒடிக்கறப்போ அது சுழல்ற வட்டம் பெரிசாகும், உரசலும் கூடும். உன் பழைய ரிம்லேயே போடு.

ஏத்தறதுக்கு மூணு வழி இருக்கு. ஷாக்கோட தலையில ஸ்பேசர் வைக்கறது மலிவு. ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கி உயரத்தை வாங்கறது ரெண்டாவது. மூணாவது, நீளமான ஷாக்கும் புது ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டையே மாத்தறது. ஆபீசுக்கும் காஸ்ட்கோவுக்கும் போற உனக்கு ஸ்பேசரே போதும்னு சிலர் சொல்வாங்க. என் ஓட்டு மூணாவதுக்கு. உன் வண்டிக்கு ஷாக் எப்படியும் மாத்த வேண்டிய வயசாச்சு, ஒரே வேலையா முடிஞ்சுடும். ஸ்பேசர்தான்னா ஒரு கணக்கு தெரிஞ்சுக்கோ. ஷாக் சக்கரத்துக்கு நேர் மேலே இல்ல, ஆர்ம்மோட நடுவுல உக்காந்திருக்கு. அதனால மேலே அரை இன்ச் ஸ்பேசர் வச்சா சக்கரத்துல ஏறக்குறைய ஒரு இன்ச் ஏறும். ரெண்டு இன்ச் வேணும்னு ரெண்டு இன்ச் ஸ்பேசர் வாங்கிடாதே! ஒரு வழி மேல இன்னொரு வழியை அடுக்கவும் அடுக்காதே. சக்கரம் கீழே தொங்கறப்போ அச்சு மூட்டும் பால் ஜாயிண்ட்டும் கோணம் தாங்காது. ரெண்டரை இன்ச்சோட நிப்பாட்டு.

அளக்கறப்போ தரையில இருந்து அளக்காதே, டயர் காத்து கூடக் குறைய இருந்தா அளவு மாறும். சக்கரத்தோட நடு மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் பிடி. நாலு சக்கரத்துக்கும் எழுதி வை. டகோமாவுக்கு டிரைவர் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கற பழக்கம் உண்டு, அரை இன்ச்கூட இருக்கும். பெட்ரோல் டேங்க் அந்தப் பக்கம், நீயும் அந்தப் பக்கம். அதுக்குன்னே கால் இன்ச் ஸ்பேசர் ஒத்தையா விக்கறாங்க, அந்தப் பக்கம் மட்டும் வச்சா சரியாகிடும்.

நீயே கழட்டப்போறேன்னு அடம்பிடிப்பே, தெரியும். அப்படின்னா ஷாக்கோட உச்சியில நடுவுல இருக்கிற ஒத்தை நட்டை மட்டும் தொடாதே. சுத்தி இருக்கிற மூணு நட்டுதான் அதை வண்டியோட சேர்க்குது, அதைக் கழட்டினா போதும். நடு நட்டு அமுங்கின ஸ்பிரிங்கைப் பிடிச்சு வச்சிருக்கு. அதைத் திறந்தா ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். ஸ்பிரிங்கைப் பிரிக்கற வேலை இருந்தா, ஷாக்கை முழுசாக் கழட்டிக் கடையில கொடுத்து அவங்க மெஷின்ல பண்ணச் சொல்லு. ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதே, சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட் வை. ஏபிஎஸ் ஒயரை முதல்ல விடுவி, சக்கரம் கீழே தொங்கினா அதுதான் முதல்ல இழுபடும். ஷாக்கோட அடி போல்ட்டையும் ஆர்ம் போல்ட்டையும் வண்டி அந்தரத்துல இருக்கறப்போ இறுக்கிடாதே. சக்கரம் தரையில பட்டு, வண்டியோட பாரம் இறங்கினதுக்கு அப்புறம் கடைசி இறுக்கு. இல்லன்னா உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். இதைப் பல கடைக்காரங்களே செய்யறதில்ல, கூட நின்னு பாரு. வீல் நட்டு 83 பவுண்ட்-அடி, டார்க் ரெஞ்ச் வச்சு. நூறு மைல் ஓடினதும் எல்லாத்தையும் மறுபடி ஒரு தடவை பாரு.

அப்புறம் சில்லறை விஷயங்கள். முன்பக்கம் ஏறினதும் ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும், அன்னிக்கு ராத்திரியே சுவத்துல அடிச்சுப் பார்த்து இறக்கு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டறப்போ நீ 64ல போய்க்கிட்டு இருப்பே, போலீஸ்கிட்ட இந்தக் கணக்கு எடுபடாது. டயர் கனம் கூடறதால மைலேஜ் குறையும், பிரேக் பிடிக்க அதிக தூரம் ஆகும். 2018 மாடல்ல இருந்து வந்த டகோமாவுல முன்னாடி ரேடாரும் கண்ணாடியில கேமராவும் இருக்கு. மூக்கு தூக்கினா அது பார்க்கற கோணமும் மாறும், அதையும் சரிபார்க்கச் சொல்லு.

முன்பக்கத்தை மட்டும் வானத்துக்குத் தூக்கிப் பின்பக்கத்தைத் தவளை மாதிரி உட்கார வைக்கற ஃபேஷன் ஒண்ணு ஓடுது, கரோலைனா ஸ்குவாட்னு பேர். முன் ஃபெண்டர் பின்னாடியை விட நாலு இன்ச் உயர்ந்தா வட கரோலைனாவுல 2021 டிசம்பர்ல இருந்து சட்ட விரோதம். வர்ஜீனியாவும் தென் கரோலைனாவும் அப்புறம் தடை போட்டாச்சு. அந்தப் பக்கம் பார்வையைக்கூடத் திருப்பாதே.

கடைசியா, டயர் வாங்கறப்போ அஞ்சு வாங்கு. அடியில தொங்கற பழைய ஸ்பேரை 285ங்களுக்கு நடுவுல மாட்டினா ரெண்டு இன்ச் வித்தியாசம் வரும். அதைப் போட்டுக்கிட்டு ஃபோர் வீல்ல ஓட்டினா டிஃபரென்ஷியல் போச்சு. புது டயர் அடியில ஸ்பேர் இடத்துல நுழையுதான்னு கடையிலேயே ஏத்திப் பார்த்துடு. அஞ்சாவதுக்குக் காசு பத்தலைன்னா, மேலே சொன்னேனே அந்த 31.6 இன்ச்சுக்கு வா. அதுல அஞ்சு வாங்கிட்டு மிச்சத்துல நல்ல ஷாக் போடு.