சதுரங்கத் தொடக்கமும் ஆங்கிலச் சொற்பயிற்சியும்

அயல்மொழி பயில்வார்க்கு அம்மொழியின் இலக்கணத்தினும் சொற்களே மிக்க இடர் விளைப்பன. இலக்கண விதி ஒருமுறை விளங்கின் மறுமுறையும் அவ்வாறே விளங்கும். சொல்லோ ஓரிடத்தில் ஒரு பொருளும் பிறிதோரிடத்தில் வேறொரு பொருளுந் தந்து, கற்றவனையுங் கல்லாதவனாக்கிவிடும். தமிழ் வாயிலாகப் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி புகும் என் போல்வார், நாளொன்றுக்குப் பத்துச் சொல்லாக அகராதியைப் பார்த்தெழுதி மனனஞ் செய்வது வழக்கம். யானும் அவ்வாறு இரண்டு குறிப்பேடுகளை நிரப்பினேன். அவற்றிலிருந்த ஒரு சொல் எங்கள் குடும்பத்திற்கு விளைத்த துன்பத்தை முதற்கண் கூறி, அச்சொல்லைச் சதுரங்கப் பலகை எனக்குக் கற்பித்த வகையைப் பின்னர்க் கூறுவேன்.

யான் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய ஆண்டில், கல்லூரிச் சம்பளத்திற்கு உதவி வேண்டி என் தந்தையார் ஓர் அறநிலையத்திற்கு விண்ணப்பம் விடுத்திருந்தார். மறுமொழி ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவன் யானொருவனே. விண்ணப்பம் ‘டிக்ளைண்ட்’ என்று அதில் கண்டிருந்தது. வெள்ளம் வடிதல், விலை இறங்குதல் முதலியவற்றிற்கு வருஞ் சொல்லென மனனஞ் செய்திருந்தேனாதலின், “அப்பா, கேட்ட தொகையைக் குறைத்திருக்கிறார்கள்” என்றேன். “குறைத்தாவது தருகிறார்களே, ஸ்தோத்திரம்” என்று அவர் கடிதத்தை வேதாகமத்துள் வைத்து மூடினார். கல்லூரி திறக்கும் வாரம்வரை காத்திருந்தோம். பின்னர் எங்கள் ஊர் உபதேசியார் அதனை வாங்கிப் படித்து, அது மறுப்புக் கடிதம் என்றார். அன்று மாலையே அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லுங் கூறிற்றிலர். கடிந்திருப்பின் எனக்குச் சிறிது ஆறுதலாயிருந்திருக்கும்.

நிற்க. விடுதியில் என் அறைத்தோழர் கணிதம் பயில்பவர்; சதுரங்கத்தில் பெருவிருப்புடையவர். அவர் மேசைமேற் கிடந்த நூலொன்றில் ‘குயின்ஸ் காம்பிட் டிக்ளைண்ட்’ என்னுந் தலைப்பைக் கண்டு, “அரசியின் சூழ்ச்சி நலிவுற்றதோ?” என்று வினவினேன். அவர் நகைத்தாரல்லர், பலகையை விரித்தார். வெள்ளை தன் அரசியின் முன் நின்ற காலாளை இரண்டு கட்டம் செலுத்திற்று. கருமையும் அவ்வாறே செலுத்திற்று. உடனே வெள்ளை, அரசியின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள காலாளையும் இரண்டு கட்டம் முன்னிறுத்திற்று. அதனைக் கருங்காலாள் குறுக்கே வெட்டிக்கொள்ளலாம். “இது நீட்டிய கை. பற்றிக்கொண்டால் ‘அக்செப்டட்’. இப்பொழுது பார்” என்று சொல்லி, அதனை வெட்டாது, கரிய அரசனின் முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, முன் நின்ற தன் காலாளுக்குத் துணையாக்கினார். “இதுவே ‘டிக்ளைண்ட்’. வெள்ளை கொடுக்க வந்த காலாள் ஏதேனுங் குறைந்ததா?” என்றார். குறையவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது. கொடுத்ததைக் கொள்ளாதுவிட்டமையே அச்சொல்லின் பொருள். ஓராண்டு கழித்து அக்கடிதத்தை யான் அப்பொழுதுதான் படித்தேன்.

வளைந்து விலகுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்தது இச்சொல். மேட்டினின்று வளைந்திறங்கினால் குறைதல். நீட்டியதினின்று வளைந்து விலகினால் மறுத்தல். பெயர்ச்சொல் வேற்றுமையேற்று எழுவாயினின்று திரிதலையும் ஆங்கில இலக்கணத்தார் இச்சொல்லாலேயே கூறுவர். வேற்றுமையியலில் உழலும் எமக்கு அது சுவையான செய்தி. ‘காம்பிட்’ என்பதும் அத்தகையதே. காலை இடறிவிடுதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல் அதன் மூலம். ரூய் லோப்பெஸ் என்னும் ஸ்பானியக் குருவானவர் 1561-இல் வெளியிட்ட சதுரங்க நூலில் அதனைத் தொடக்க ஆட்டத்திற்கு வழங்கினார். இதனைப் பலி என்று மொழிபெயர்ப்பாரும் உளர். அரசியின் காம்பிட்டிற் கொடுத்த காலாளைச் சில நகர்வுகளில் வெள்ளை பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். மீண்டு வருவதைப் பலியென எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதன்பின் தொடக்க ஆட்டங்களையே என் சொற்பாடமாகக் கொண்டேன். ‘ஆக்குபை’, ‘கண்ட்ரோல்’ என்னும் இரண்டற்கும் என் பழைய குறிப்பேட்டில் ‘கைக்கொள்’ என்றே எழுதியிருந்தேன். பலகையில் அவை வேறு வேறு. நடுவேயுள்ள நான்கு கட்டங்களுள் ஒன்றிற் காலாளைக் கொண்டு நிறுத்துவது முன்னது. அரசன் பக்கத்துக் குதிரை தன் முதற் பாய்ச்சலில் நடுவிற் கால்வையாமலே அந்நான்கனுள் இரண்டனைத் தன் தாக்கிற்கு உட்படுத்தி நிற்பது பின்னது. 1920-களில் நிம்ஸோவிச், ரெட்டி முதலியோர் எழுப்பிய வாதம் முழுதும் இவ்வேறுபாட்டின் மேலதே. கடற்படை கொண்டு துறைமுகத்தை வெளியே நின்று அடைத்தவரை அதனை ‘ஆக்குபை’ செய்தனரென வரலாற்றுக் கட்டுரையில் முன்னொருகால் எழுதிக் குறையெண் பெற்றேன். இனி எழுதேன். காய்களைப் பின்வரிசையினின்று வெளிக்கொணர்தல் ‘டெவலப்’. உறையைப் பிரித்தல் என்பது அதன் பழம்பொருள். கடித உறைக்குரிய ‘என்வலப்’ அதன் உடன்பிறப்பு. காலாளைக் குறிக்கும் ‘பான்’ நம் அலுவலகப் பியூனுக்கு உறவு. இரண்டும் கால்நடையாகச் செல்லும் வீரனென்னும் ஒரே மூலத்தன. அடகைக் குறிக்கும் ‘பான்’ ஒலியால் ஒத்திருப்பினும் அதற்கு உறவன்று. இதனை அறிந்த நாளில் எனக்கு அம்மாவின் சங்கிலி நினைவிற்கு வந்தது. நாம் மந்திரியென்னுங் காய் ஆங்கிலேயர்க்குப் பிஷப். பிஷப் ஒருபோதும் நேர்வழி நடவார் என்று எங்கள் விடுதியில் நகையாடுவதுண்டு.

ஆடுவதற்குச் சொல் எதற்கு என்பாரும் உளர். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், காலாள் முதலில் இரண்டு கட்டம் செல்லாத நம் நாட்டு முறையில் ஆட்டம் பயின்றவர். ஐரோப்பியத் தொடக்க நூல்களில் பழகாதவர். 1929-இல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்று, 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அதனைப் பெற்றார். உண்மையே. ஆயின் யான் பட்டம் வேண்டி ஆடவில்லை. நாளது வரையில் என் தோழரை ஒருமுறையும் வென்றிலேன்.

இப்பொழுது என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் தமிழ்ப் பொருளுக்கு முன்னர் ஒரு சிறு பலகை வரைந்து, காய் நின்ற நிலையைக் குறிக்கிறேன். நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்னுங் கணக்கை விட்டுவிட்டேன். வாரத்திற்கு மூன்றே ஏறுகின்றன. சனிக்கிழமை இரவு உணவிற்குப்பின் விடுதிக் கூடத்தில் இரண்டு பலகைகள் விரிக்கப்படும். இவ்வாரத்துச் சொல் ‘டெம்போ’. தமிழ் வகுப்பு நண்பர்கள் குறிப்பேட்டுடன் வருக.