பளபளப்புக்கு முன் பத்திரம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கத் துணிந்தவர்கள் முதலில் கேட்பது, டீலரிடம் போவதா, ஏலத்துக்குப் போவதா என்றுதான். லண்டன் தென் கென்சிங்டனில் ஒரு காலத்தில் குதிரை லாயங்களாக இருந்த சந்துகளுக்குள் டீலர் கடைகள் இருக்கின்றன. கதவைத் திறந்தால் உள்ளே ஃபெராரியும் ஆஸ்டன் மார்ட்டினும் நிற்கும். ஏலங்களோ ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேல், பிப்ரவரியில் பாரிஸ், கோடையில் இங்கிலாந்தின் குட்வுட், ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே என்று ஆண்டு முழுக்கச் சுற்றி வருகின்றன. இரண்டு வழியிலும் நல்ல கார் கிடைக்கும். இரண்டிலும் பெரும் பணம் இழந்தவர்களும் உண்டு. ஆகவே எங்கே வாங்குவது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்கும் கார், விற்பவர் சொல்லும் அதே கார்தானா என்பதே முதல் கேள்வி. நிலம் வாங்கும்போது மண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்கிறோம் அல்லவா? இந்தக் கார்களுக்கும் அந்த வரிசைதான்.

1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7-ஐ எடுத்துக்கொள்வோம். பந்தய அனுமதிக்கு 500 கார்கள் தேவைப்பட்டன. கேட்டு வந்தவர்கள் பெருகியதால் போர்ஷே கடைசியில் சுமார் 1,580 கார்களைச் செய்தது. அதே ஆண்டின் சாதாரண 911 டி, அடிப்படை உருவத்தில் ஏறக்குறைய அதே வண்டிதான். ‘வாத்து வால்’ என்று பெயர் பெற்ற பின்பக்க இறக்கை, அகலமான பின் மட்கார்டு, பக்கவாட்டில் ‘கரேரா’ எழுத்து ஆகிய எல்லாவற்றையும் கைதேர்ந்த ஒரு பாடி பட்டறை பொருத்திக் கொடுத்துவிடும். விலையில் மட்டும் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். போலி பிறப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

உண்மையான ஆர்.எஸ். காரின் சேஸிஸ் எண் 911360 என்று தொடங்கும். நான்காவது இலக்கமான 3 மாடல் ஆண்டையும், அடுத்து வரும் 6 அது ஆர்.எஸ். என்பதையும் சொல்கின்றன. இன்ஜின் வகை எண் 911/83. எண் சரியாக இருக்கிறதே என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். எழுத்துகளின் உருவம், இடைவெளி, பொறித்த ஆழம் எல்லாம் அந்த ஆண்டின் தொழிற்சாலை அச்சோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றியுள்ள தகட்டில் அரம் போட்ட தடம் இருக்கக் கூடாது. நொறுங்கிப்போன ஒரு காரிலிருந்து எண் இருக்கும் தகட்டை மட்டும் வெட்டியெடுத்து இன்னொரு காரில் வெல்டிங் செய்வதும் நடக்கிறது. இதையெல்லாம் பார்க்க, அந்த ஒரு மாடலிலேயே ஊறிய நிபுணர் வேண்டும். நம்பகமான மெக்கானிக்காக இருந்தால் மட்டும் போதாது. நிபுணருக்குத் தரும் கட்டணத்தைச் செலவாக எண்ணித் தயங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். காரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

இந்த உலகத்துக்குள் பலரும் நுழைவது ஜாகுவார் இ-டைப் வழியாகத்தான். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான கார் அது. சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி நான்குக்கும் தனித்தனி எண் உண்டு. கார் எந்த எண்களோடு, எந்த நிறத்தில், எந்தத் தேதியில் ஆலையை விட்டுப் போனது என்பதற்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் சான்றிதழ் தருகிறது. இந்தச் சான்றிதழை நீட்டி ‘எல்லாம் அசல்’ என்று சொல்வார்கள். அன்று ஆலையிலிருந்து போனது என்ன என்பதைத்தான் அது சொல்கிறது. இன்று உங்கள் முன் நிற்கும் இரும்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, விளக்கடித்து, ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பானெட்டின் பூட்டு வெளிப்புறம் இருக்கும் முதல் 500 கார்களுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதால், பின்னால் வந்த கார்களை அந்த உருவத்துக்கு மாற்றி விற்பதும் நடக்கிறது.

உடம்பைப் பொறுத்தவரை இ-டைப்புக்கு எதிரி துருதான். கதவுக்குக் கீழுள்ள சில், தரைத்தகடு, பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் மூன்றையும் விடாமல் பாருங்கள். பெயின்ட் தடிமனை அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்; பட்டி போட்டு மறைத்த இடங்களை அது காட்டிக் கொடுக்கும். நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது ஏதோ தொல்லை கொடுக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. பிறகு அரை மணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடேறிய பின் ஆயில் பிரஷர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இனி கோப்பு. பழைய பதிவுப் புத்தகங்கள், பட்டறை ரசீதுகள், உரிமையாளர்களின் கடிதங்கள், புகைப்படங்கள், பிரிட்டனில் 1960 முதல் நடப்பிலுள்ள எம்.ஓ.டி. பரிசோதனைச் சான்றுகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு காரின் கோப்பு. சான்றுகளில் பதிந்த மைல் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கார் யாரிடம், எந்த ஊரில் இருந்தது என்று குறியுங்கள். காலியாக விழும் ஆண்டுகளைப் பற்றித்தான் விற்பவரிடம் அதிகம் பேச வேண்டும்.

இந்தத் தொடர்ச்சி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு சாட்சி. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸை, ஏறக்குறைய 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த நிறுவனம், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கியது. அதன் வாதத்திலும் பொருள் இருந்தது. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறி, 1932-ல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத்தில் கோர விபத்துக்குள்ளாகி, பிறகு வேறு பாடியோடு திரும்பி வந்த கார் அது. லெ மான்ஸில் ஓடிய இரும்பில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. ஆனால் ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையில் அதன் அடையாளம் எங்கும் அறுபடவில்லை, வேறு எந்தக் காரும் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடவும் இல்லை என்று நீதிபதி கண்டார். வாங்கியவர் பணம் தர வேண்டியதாயிற்று. அசல் என்ற சொல்லுக்கு நம் மனத்தில் இருக்கும் பொருளும் நீதிமன்றம் தரும் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தத்தில் வெறுமனே ‘அசல்’ என்று எழுதாமல், எந்தெந்த எண், எந்தெந்தப் பாகம் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

கார் அசலாக இருந்தும் விற்பவருக்கு உரிமை இல்லாமல் போகலாம். 2001-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1938 டால்போ-லாகோ டி150சி ஒன்று திருடு போனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் 70 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியவர்கள், 2016-ல் பதிவு செய்யப் போனபோதுதான் திருட்டுப் பதிவேட்டில் அது இருப்பது வெளியே வந்தது. முன்னாள் உரிமையாளரின் வாரிசுத் தரப்பு தொடுத்த வழக்கு நடக்கலாம் என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. பணம் கைமாறுவதற்கு முன்பே திருட்டு, கடன், வழக்கு மூன்றையும் தேட வேண்டும். கார் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலும் தேட வேண்டும்.

இப்போது முதலில் தள்ளி வைத்த கேள்விக்கு வருகிறேன். பிரிட்டனில் தனிமனிதர் ஒருவர் டீலரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். காரின் வயதுக்கு ஏற்ற தரம் இருக்க வேண்டும். பெருங்குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருளை எடுத்தால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது. கார் இருந்தபடியே உங்களுடையது. முதல்முறை வாங்குகிறவர்களை நான் டீலர் பக்கம் அனுப்புவதற்கு இதுவே காரணம். ஓட்டிப் பார்க்கலாம், உயர்த்தி நிறுத்திக் கீழே போய்ப் பார்க்கலாம், கோப்பை நிதானமாகப் படிக்கலாம், ஒரு வாரம் யோசிக்கலாம்.

ஆனால் டீலரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: கார் உங்களுடையதா, இன்னொருவருக்காக விற்கிறீர்களா? உயர்விலைக் கடைகளில் நிற்கும் கார்கள் பல, உரிமையாளர் கமிஷனுக்கு விற்றுத் தரச் சொல்லி ஒப்படைத்தவை. அப்படியானால் உங்களுக்கு விற்பவர் சட்டப்படி ஒரு தனிமனிதர். உங்கள் உரிமையும் அதற்கேற்பச் சுருங்கும். ரசீது யார் பெயரில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் கடையின் பொதுக் கணக்குக்குப் போகாமல், வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக வைத்த கணக்குக்கோ வழக்கறிஞர் கணக்குக்கோ போகட்டும். 2018-ல் எசெக்ஸில் பெரும் பெயரெடுத்த ஒரு டீலர் நிறுவனமே நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. அந்த மாதிரி நேரத்தில் எது யாருடைய கார், யாருடைய பணம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

ஏலத்துக்குப் போவதானால் முதல் ஏலத்தில் கையைத் தூக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். விற்பவருக்கென்று குறைந்தபட்ச விலை ஒன்றை ரகசியமாக வைத்திருப்பார்கள். அதை எட்டும்வரை விற்பவர் சார்பில் ஏலக்காரரே விலையை ஏற்றிக்கொண்டு போகலாம். பட்டியலின் நிபந்தனைகளில் அது எழுதியிருக்கும். அதனால் அறையில் உங்களுக்குப் போட்டியாக இன்னொருவர் இருக்கிறார் என்று எப்போதும் நம்ப வேண்டியதில்லை. 2019-ல் மான்டரேயில் 1939 போர்ஷே டைப் 64 ஏலத்துக்கு வந்தபோது, ஏலக்காரர் சொன்ன தொகைகள் தவறாகக் காதில் விழுந்து, திரையில் 3 கோடி டாலரில் தொடங்கி 7 கோடி வரை ஏறிவிட்டது. உண்மையில் கேள்வி 1.7 கோடியில்தான் நின்றது என்று அவர் திருத்தினார். கார் விற்காமலே போனது. அனுபவசாலிகள் நிறைந்த அறையிலேயே இப்படி நடக்கிறது.

சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை ஆகாது. வாங்குபவர் கமிஷன் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் வரும். இங்கிலாந்தில் 2,00,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்து கமிஷன் 15 சதவீதம் என்றால் அது 30,000, அந்தக் கமிஷன் மீது 20 சதவீத வாட் 6,000, ஆக 2,36,000. ஏலத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார் என்றால், சேகரிப்புப் பொருளுக்கான 5 சதவீத இறக்குமதி வாட் இன்னும் 10,000 சேரலாம். பட்டியலில் லாட் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு குறிதான் இதற்கு அடையாளம். இதன் பிறகு லாரி வாடகை, இன்ஷூரன்ஸ். எல்லாம் சேர்ந்த உங்கள் உச்சத் தொகையை வீட்டிலேயே கணக்கிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து, எந்த விலையில் கையை இறக்குவது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

விற்காமல் போன கார்களைக் கவனியுங்கள் என்றும் சொல்வேன். குறைந்தபட்ச விலையை எட்டாத லாட்டைப் பற்றி ஏலம் முடிந்த பிறகு ஏலக் கூடத்தோடு பேசலாம். பரபரப்பு அடங்கியிருக்கும், விற்பவரும் இறங்கி வருவார், நிபுணரை அனுப்பிப் பார்க்கவும் அவகாசம் கேட்கலாம். என் கணிப்பில், ஏலத்திலிருந்து நல்ல கார் நியாயமான விலைக்குக் கிடைக்கும் வழிகளில் இது சிறந்த ஒன்று.

தலைப்புச் செய்திகளைப் பார்த்து உங்கள் காரின் விலையைக் கணக்கிடாதீர்கள். 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூப்பே 13.5 கோடி யூரோவுக்குப் போனது. உலகில் இரண்டே இருக்கும் காரின் விலை அது. அதைவிட நமக்கு உதவக்கூடிய பாடம் 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஆர்ட்கூரியால் ஏலத்தில் கிடைத்தது. மேற்குப் பிரான்சில் ஒரு குடும்பத்தின் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்களை அப்படியே, தூசி தட்டாமல் விற்றார்கள். அதிலிருந்த ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர் கமிஷன் உட்பட 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. தொடாத காரைத் தேடுகிறவர்கள் இன்று அதிகம். பழைய பெயின்டும் வெடித்த தோல் இருக்கையும் உள்ள கார் கிடைத்தால், அவசரப்பட்டுப் புதுப்பிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை உரித்துப்போட்ட அசல் பெயின்ட் திரும்ப வராது.

தயாரிப்பாளரே பின்னாளில் செய்து விற்கும் கார்களும் உண்டு. 1957-ல் பிரவுன்ஸ் லேன் ஆலைத் தீயில் அழிந்த 9 எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்கு ஈடாக ஜாகுவார் 2016-ல் 9 கார்களை அறிவித்தது. அவை நேர்மையான, அழகான கார்கள். 1957 காருக்குரிய விலையை மட்டும் அவற்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

லாபத்துக்காக வாங்கலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். 1988-ல் என்சோ ஃபெராரி இறந்த பிறகு விண்ணுக்கு ஏறிய விலைகள், 1990-களின் தொடக்கத்தில் சரிந்து, கடன் வாங்கி வாங்கியவர்களைக் கரைத்துவிட்டுப் போயின. விலை பாதியாகக் குறைந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து ஓட்டுவீர்கள் என்றால் அந்தக் காரை வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் கோப்பு முழுவதையும் ஒரு நாள் உங்கள் கையில் தரச் சொல்லுங்கள், நிபுணர் வரும்வரை முன்பணம் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நாணயமான டீலர் இரண்டுக்கும் ஒப்புக்கொள்வார். ‘இன்னொருவர் நாளைக்கே வருகிறார்’ என்று அவசரப்படுத்தினால், அந்த இன்னொருவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். 1961 முதல் 1974 வரை ஜாகுவார் 70,000-க்கும் மேற்பட்ட இ-டைப்களைச் செய்திருக்கிறது. வேறொன்று விற்பனைக்கு வரும்.