பாடகர் குழு யாருக்காகப் பாடுகிறது?

வேத வாசிப்பு: 1 நாளாகமம் 16:7-36, 25:1-8, நெகேமியா 12:42, 43

கடந்த டிசம்பரில் நம் பாடகர் குழுவின் பாட்டு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "தம்பி, பிள்ளைகள் நல்லாத்தான் பாடுதுக. எங்களுக்கு ஒரு பாட்டாவது தந்திருக்கலாம்லா?" மொத்தம் 11 பாட்டு. இரண்டு மாத பிராக்டிஸ். பாட்டுகளைத் தெரிந்தெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. எண்ணிப் பார்த்தேன், சபையார் வாய் திறந்து பாட ஒன்றுகூட இல்லை. அந்த வார்த்தை என்னை வேதத்தண்டைக்குத் திருப்பியது.

தாவீது பாடகரை ஏனோதானோவென்று நிறுத்தவில்லை. ஆசாப், ஏமான், எதுத்தூன் இவர்களின் குமாரர் 24 வகுப்புகள். வகுப்புக்கு 12 பேராக 288 பேர். எல்லாரும் பழகித் தேறினவர்கள். ஆகவே "ஆவியானவர் நடத்துவார், பிராக்டிஸ் எதற்கு?" என்று சொல்லுகிறவர்களுக்கு இங்கே இடமில்லை. ஆனால் 16-ம் அதிகாரத்தைக் கவனியுங்கள். தாவீது சங்கீதத்தை ஆசாப்பின் கையில் கொடுக்கிறார். 36-ம் வசனத்தில் ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்லிக் கர்த்தரைத் துதிக்கிறார்கள். குழுவிடம் கொடுக்கப்பட்ட பாட்டு ஜனத்தின் வாயில் போய் முடிகிறது. நெகேமியாவின் நாளிலோ பெண்களும் பிள்ளைகளுங்கூடக் களிகூர்ந்தார்கள். அந்தச் சத்தம் தூரத்திலே கேட்கப்பட்டது.

நம் தாமிரபரணிக் கரைக்கு இது புதிதல்ல. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரை, சிறுவனாயிருக்கையிலேயே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். சாஸ்திரியார் கட்டின கீர்த்தனைகளுக்கு இராகமும் தாளமும் இந்த மண்ணுடையவை. கரையிருப்பில் 1827-ல் பிறந்த கிருஷ்ண பிள்ளை, சாம்பவர்வடகரையில் 1859-ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் இவர்களும் இந்தச் சீமைக்காரர்களே. பண்டிதர் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலையே வெளியிட்டார். கீர்த்தனையில் பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். சரணம் தெரியாதவருக்கும் பல்லவி வந்துவிடும். எழுத்து வாசிக்கத் தெரியாத பனங்காட்டு ஜனத்தின் மனதில் சத்தியம் இப்படித்தான் ஏறியது.

இன்னொரு ஓட்டம் பாமாலை. மேல்நாட்டு ராகம், சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல். பாளையங்கோட்டை, நாசரேத் பக்கம் டிசம்பர் பிறந்தால் கேரல் ஆராதனைதான். ஒன்பது வேதபாடங்களோடு கேரல் பாடும் முறை 1880-ல் இங்கிலாந்தின் ட்ரூரோ பட்டணத்தில் தொடங்கியது. 1918-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை எடுத்துக்கொண்ட பிறகு உலகமெங்கும் பரவியது. நம்மில் சிலர் பாமாலையை ஜீவனற்றது என்று தள்ளிவிட்டார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. நான்கு குரலும் ஒருவருக்கொருவர் காத்திருந்து பாடுவதில் நல்ல தாழ்மை பழகுகிறது. (டெனர் பாடும் சகோதரர்கள் இதைக் கவனிக்கவும்!)

மூன்றாவது, நம் கன்வென்ஷன் பாட்டுகள். கைதட்டிப் பாடலாம், ஒரே இரவில் பழகலாம். குறை என்னவென்றால், அடுத்த வருஷம் அதே பாட்டு பலருக்கு மறந்துவிடுகிறது. இப்போது வரிகள் திரையில் ஓடுவதால் மனப்பாடம் செய்வாரும் குறைவு. கரண்ட் போனால் பாட்டும் போகிறது!

எனவே குழுவிலுள்ள வாலிபர்களோடு உட்கார்ந்து பேசினோம். முதலில் சுருதி. கேசட்டிலும் யூடியூபிலும் கேட்ட உயரத்திலேயே நாம் பாட்டை எடுக்கிறோம். வயதானவர்களுக்கும் ஆண்களில் பலருக்கும் மேலே எட்டவில்லை, வாயை மூடிக்கொள்ளுகிறார்கள். ஒரு கட்டை இறக்கினால் பாடிவிடுவார்கள். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் தீர்ந்தது, இத்தனை நாள் யோசிக்கவில்லை. அடுத்து, குழு தனித்துப் பாடும் பாட்டு மூன்று போதும். மற்றவைகளில் பல்லவி சபையாருடையது. அவர்கள் பாடும்போது குழு மைக்கை விட்டுச் சற்று விலகி நிற்கும். "அப்படியானால் எங்கள் ஹார்மனி கேட்காதே?" என்று ஒரு தம்பி வருத்தப்பட்டான். அவன் வருத்தமும் நியாயமே. அவனுக்காகத்தான் அந்த மூன்று பாட்டு.

கீர்த்தனைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே பாட்டுக்கு ஊருக்கு ஊர் மெட்டு மாறும். புத்தகத்தில் இராகத்தின் பெயர் இருக்கும், மெட்டு இருக்காது. அது பெரியவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது. ஆகையால் சனிக்கிழமை சாயங்கால பிராக்டிஸுக்கு அந்த ஆச்சியை வரச்சொல்லியிருக்கிறோம். முதல் கீர்த்தனையை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். புத்தகம் வேண்டுமா என்று கேட்டேன். "எனக்கு எதுக்குய்யா? உங்க பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுங்க" என்றார்கள்.