செவ்வாயிலிருந்து வந்த கற்கள்: யார் பார்த்தது?



நம் அறக்கட்டளையின் மாலைநேரப் பாட வகுப்பில் ஒருநாள் விண்கற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க் கிரகத்துக் கற்கள் சில பூமியில் கிடைத்திருக்கின்றன என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "மனுஷங்க இன்னும் செவ்வாய்க்குப் போகவே இல்லையே சார். அங்கேயிருந்துதான் வந்துச்சுன்னு யார் பார்த்தது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதிலைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கற்கள் விழுந்த கதை

1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரில் கயா பகுதியிலுள்ள ஷெர்காட்டியில் சுமார் 5 கிலோ எடையுள்ள கல் ஒன்று வானிலிருந்து விழுந்தது. 1911 ஜூன் 28 அன்று எகிப்தில் அலெக்சாண்டிரியாவை அடுத்த நக்லா பகுதியில் ஏறத்தாழ 40 கற்கள் விழுந்தன. இவை எங்கிருந்து வந்தன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சந்தேகம் எழக் காரணம் அவற்றின் வயது. பெரும்பாலான விண்கற்கள் சுமார் 450 கோடி ஆண்டுகள் பழமையானவை. நக்லா கல்லோ எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது. அதன் வயது சுமார் 130 கோடி ஆண்டுகள்தான். சிறுகோள்கள் வெகு காலத்துக்கு முன்பே குளிர்ந்துவிட்டவை. அப்படியானால் பிற்காலத்திலும் எரிமலைகள் இயங்கிய ஒரு பெரிய கோளிலிருந்தே இது வந்திருக்க வேண்டும்.

உறுதியான சாட்சி அண்டார்டிகாவில் கிடைத்தது. 1979இல் தொடங்கிய தேடுதல் பருவத்தில், ஷெர்காட்டி வகையைச் சேர்ந்த கல் ஒன்று அங்கே பனிப்பரப்பில் எடுக்கப்பட்டது. அதனுள் இருந்த கண்ணாடித் துணுக்குகளில் வாயு சிறைப்பட்டிருந்தது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள் அங்குள்ள காற்றை அளந்திருந்தன. 1983இல் இரண்டையும் ஒப்பிட்டபோது வாயுக்களின் விகிதம் பொருந்தியது. ஆக, யாரும் பார்க்கவில்லை. கல்லே சாட்சி சொன்னது.

கல் எப்படிக் கிளம்புகிறது?

செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து விடுபட விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பெரிய விண்கல் மோதினால் அந்த வேகம் கிடைக்கும். ஆனால் அதே மோதல் பாறையை உருக்கி ஆவியாக்கியும் விடுமே?

வீட்டில் செய்து பாருங்கள். தாம்பாளத்தில் கொஞ்சம் அரிசியைப் பரப்பி அடியில் தட்டுங்கள். அரிசி துள்ளும், உடையாது. மோதிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அங்கே அழுத்தம் குறைவு. அதனால் பாறை உருகாமலே மிகுந்த வேகத்தில் எறியப்படுகிறது. செவ்வாயின் காற்று மிக மெல்லியது என்பதால் தடையும் குறைவு. பூமியிலிருந்து விடுபட விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் தேவை, காற்றும் அடர்த்தியானது. ஆகவே இங்கிருந்து கற்கள் கிளம்புவது கடினம்.

கிளம்பிய கல் நேரே இங்கு வருவதில்லை. சூரியனைச் சுற்றி அலைகிறது. அப்போது விண்வெளிக் கதிர்கள் அதில் ஏற்படுத்தும் மாற்றங்களை அளந்து பயணக் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். நக்லா கல் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகள் பயணித்திருக்கிறது. பூமியின் காற்றில் நுழையும்போது வெளித்தோல் மட்டும் உருகிக் கருக்கும். உள்ளே பெரிதாகச் சூடேறுவதில்லை.

ஆதாரம் எங்கே?

நக்லாவில் ஒரு கல் நாயின் மேல் விழுந்து அதைக் கொன்றது என்று ஒரு விவசாயி சொன்னார். கதை உலகமெங்கும் பரவியது. வலுவான ஆதாரம் இன்றுவரை இல்லை. 1984இல் அண்டார்டிகாவில் எடுத்த மற்றொரு செவ்வாய்க் கல்லில் உயிரின் தடயம் இருப்பதாக 1996இல் விஞ்ஞானிகளே அறிவித்தார்கள். மற்ற விஞ்ஞானிகள் சோதித்தார்கள். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சொன்னவர் யார் என்று பார்க்காமல், சான்று என்ன என்று பார்த்தார்கள்.

இது நமக்கும் வேண்டிய பாடம். வானத்திலிருந்து விழுந்த கல், இரிடியம் கலசம் என்றெல்லாம் ஆசை காட்டிப் பணம் பறிக்கும் கூட்டங்களைப் பற்றி நம் மாநிலத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை அப்படி இழந்த குடும்பங்களின் கண்ணீரை நானும் பார்த்திருக்கிறேன். யாராவது வந்து அப்படிச் சொன்னால், அந்தப் பிள்ளை கேட்டதையே கேளுங்கள்: "யார் பார்த்தது? ஆதாரம் எங்கே?"

பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. நக்லா கல்லின் வயது ஏன் சந்தேகத்தை எழுப்பியது?
2. வைக்கிங் விண்கலங்களின் அளவீடு எதை உறுதி செய்தது?
3. செவ்வாயிலிருந்து கல் கிளம்புவது பூமியிலிருந்து கிளம்புவதைவிட எளிது. ஏன்?